ஒற்றைப் பக்க அட்டவணை போதுமா? இன்கோடெர்ம்ஸ் 2020 விதிநூல்: ஒரு மதிப்பாய்வு

பன்னாட்டு வணிகத்தில் முதன்முறையாக விலை கேட்பவருக்கும் சொல்பவருக்கும் உடனே எதிர்ப்படுபவை எஃப்ஓபி, சிஐஎஃப், டிடிபி போன்ற மூன்றெழுத்துச் சொற்கள்தான். சரக்கு போகும் வழியில் எந்தச் செலவும் பொறுப்பும் விற்பவருடையவை, எவை வாங்குபவருடையவை என்பதைச் சுருக்கிச் சொல்லும் விதிகளின் பெயர்கள் அவை. இவற்றை விளக்கும் வண்ண அட்டவணைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மேலே பதினொரு சொற்கள், இடப்பக்கம் ஏற்றுகூலி, சுங்கம், கப்பல் கட்டணம், காப்பீடு என்று வரிசைகள், நடுவே விற்பவருக்கு ஒரு நிறமும் வாங்குபவருக்கு இன்னொரு நிறமும். பல ஏற்றுமதி அலுவலகங்களில் சுவரில் ஒட்டியிருப்பது இதுதான். அப்படியிருக்க, இந்த விதிகளைச் சர்வதேச வர்த்தக சபை தொகுத்து வெளியிட்டு விலைக்கு விற்கும் இன்கோடெர்ம்ஸ் 2020 முழு விதிநூலை வாங்க வேண்டிய தேவை என்ன என்ற கேள்வி நியாயமானதே. தேவை இருக்கிறது என்பதே என் கருத்து. அட்டவணை செலவைப் பிரித்துக் காட்டுகிறது. சரக்கு கெட்டாலோ தொலைந்தாலோ அந்த இழப்பு எந்த நொடியிலிருந்து யாருடையது என்பதை அது பெரும்பாலும் காட்டுவதில்லை. வழக்குகள் வருவதோ இந்த இரண்டாவது கேள்வியிலிருந்துதான்.

பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட அந்தச் சபை 1919இல் தொடங்கப்பட்டது. இந்த விதிகளின் முதல் பதிப்பு 1936இல் வந்தது. 1980 பதிப்புக்குப் பிறகு ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை திருத்தப்பட்டு, இப்போது புழக்கத்தில் உள்ள பதிப்பு 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இவை எந்த நாட்டின் சட்டமும் அல்ல. ஒப்பந்தத்தில் இரு தரப்பும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டால்தான் கட்டுப்படுத்தும். பழைய 2010 பதிப்பின்படி வணிகம் செய்ய விரும்புவோருக்கும் தடையில்லை, ஆண்டைக் குறிப்பிட்டாக வேண்டும், அவ்வளவே. ஆண்டு எழுதாமல் 'எஃப்ஓபி' என்று மட்டும் எழுதிவிட்டுப் பின்னால் எந்தப் பதிப்பு என்று மல்லுக்கு நிற்பதைப் போன்ற வீண்வேலை வேறில்லை.

நூலின் அமைப்பைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனெனில் 2020 பதிப்பின் உண்மையான முன்னேற்றம் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு விதியும் விற்பவருக்கு ஏ1 முதல் ஏ10 வரை, வாங்குபவருக்கு பி1 முதல் பி10 வரை என்று எதிரெதிராகப் பத்துப் பத்துக் கடமைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முந்தைய பதிப்பில் நான்காவது, ஐந்தாவது இடங்களில் இருந்த சரக்கு ஒப்படைப்பும் இழப்புப் பொறுப்பு மாறுதலும் இப்போது ஏ2, ஏ3 என்று முன்னுக்கு வந்திருக்கின்றன. செலவுகள் அனைத்தும் ஏ9, பி9 என்ற ஒரே இடத்தில் திரட்டப்பட்டிருக்கின்றன. முன்பெல்லாம் ஒரு செலவு யாருடையது என்று அறிய நான்கைந்து பிரிவுகளைப் புரட்ட வேண்டியிருந்தது. இப்போது விலை நிர்ணயிக்கும் மேசையில் இருப்பவர் ஏ9ஐ மட்டும் திறந்து வைத்துக்கொண்டு வரி வரியாகக் கணக்குப் போடலாம். பதினொரு விதிகளையும் தனித்தனியே தந்தபின், நூலின் பிற்பகுதியில் ஒரே கடமையைப் பதினொரு விதிகளும் எப்படிச் சொல்கின்றன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் பகுதியும் சேர்க்கப்பட்டிருக்கிறது. எந்த விதியைத் தேர்ந்தெடுப்பது என்று இன்னும் முடிவுசெய்யாதவருக்கு நூலிலேயே மிகவும் பயனுள்ள பக்கங்கள் அவை. இவற்றுக்காகவே நூலை வாங்கலாம் என்று சொன்னாலும் மிகையாகாது.

இனி அட்டவணை எங்கே வழுக்குகிறது என்று பார்க்கலாம். 'சி' என்ற எழுத்தில் தொடங்கும் நான்கு விதிகள், அதாவது சிஎஃப்ஆர், சிஐஎஃப், சிபிடி, சிஐபி ஆகியவை, இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. நான்கிலும் சேருமிடம் வரை போக்குவரத்துக் கட்டணம் விற்பவருடையது; சிஐஎஃப், சிஐபி இரண்டில் காப்பீடும் அவர் எடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் 'சிஐஎஃப் ரோட்டர்டாம், இன்கோடெர்ம்ஸ் 2020' என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையைப் பார்ப்பவருக்குக் கப்பல் கட்டணம் விற்பவருடையது, காப்பீடும் விற்பவருடையது என்று ரோட்டர்டாம் வரை ஒரே நிறம் நீண்டிருப்பது தெரியும். ஆகவே சரக்கு ரோட்டர்டாம் போய்ச் சேரும்வரை விற்பவரே பொறுப்பு என்று வாங்குபவர் நினைத்துக்கொள்கிறார். நூலின் ஏ3ஐத் திறந்தால் நிலைமை வேறு. சரக்கு புறப்படும் துறைமுகத்தில் கப்பலின் மீது ஏற்றப்பட்டதுமே இழப்புப் பொறுப்பு வாங்குபவருக்கு மாறிவிடுகிறது. விற்பவர் அதற்குப் பிறகும் கொடுப்பது பயணச் செலவை மட்டுமே. நடுக்கடலில் புயலடித்துச் சரக்கு நனைந்துபோனால், வாங்குபவர் ஆவணங்களைப் பெற்றுக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுத்தே ஆக வேண்டும்.

அவருக்கு விற்பவர் எடுத்துத் தந்த காப்பீடு இருக்கிறதே என்று கேட்கலாம். சிஐஎஃப் விதியின்படி விற்பவர் எடுக்க வேண்டிய குறைந்தபட்சக் காப்பீடு, கடல்சரக்குக் காப்பீட்டில் வழங்கும் இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாஸஸ் என்னும் தொகுப்பின் 'சி' பிரிவு. தீ, கப்பல் மூழ்குதல், தரைதட்டுதல், மோதல் போன்ற பெரிய விபத்துகளையும் பொதுச் சராசரி இழப்பையும் (கப்பலைக் காப்பாற்ற வேண்டுமென்றே செய்த தியாகத்தை எல்லோரும் பங்கிட்டுக்கொள்வது) அது ஈடுசெய்யும். திருட்டையும், கப்பல் நல்ல நிலையில் இருக்கும்போதே உள்ளே புகும் கடல்நீரையும், அலை அடித்துக்கொண்டு போகும் சரக்கையும் அது கண்டுகொள்ளாது. ஆக, மேற்சொன்ன நனைந்த சரக்குக்குப் பொறுப்பு வாங்குபவருடையது, காப்பீடும் கைகொடுக்காது. இதைத் தவிர்க்க வேண்டுமானால் அதே தொகுப்பின் மிக விரிவான 'ஏ' பிரிவுக் காப்பீடு வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே வாங்குபவர் எழுதிக்கொள்ள வேண்டும். நூல் இதற்கு இடம் தருகிறது, ஆனால் அவராகக் கேட்டால்தான்.

2020 பதிப்பின் பேசப்பட்ட மாற்றங்களில் ஒன்று இங்கேதான் வருகிறது. சிஐபி விதியில் மட்டும் இயல்பான காப்பீட்டு அளவு 'ஏ' பிரிவாக உயர்த்தப்பட்டது. சிஐஎஃப் பழையபடியே 'சி' பிரிவில் நிற்கிறது. தானியம், தாது போன்ற மொத்தச் சரக்கு வணிகத்தில் சிஐஎஃப் அதிகம் பயன்படுவதால் அங்கே காப்பீட்டுச் செலவை ஏற்ற வேண்டாம், தயாரித்து முடித்த பொருள்கள் பெட்டியில் போகும் சிஐபியில் கூடுதல் பாதுகாப்பு இருக்கட்டும் என்ற சிந்தனை இதன் பின்னால் இருக்கிறது. தர்க்கம் புரிகிறது, ஆனால் பயன்படுத்துபவரின் இடத்திலிருந்து பார்த்தால் குறையாகவே படுகிறது. நடைமுறையில் கன்டெய்னர் சரக்குகளுக்கும் பழக்கத்தால் சிஐஎஃப் என்றே எழுதுபவர்கள் ஏராளம். அவர்களுக்கு இந்த உயர்வால் எந்த நன்மையும் இல்லை. இரண்டு விதிகளிலும் ஒப்பந்த மதிப்பின்மேல் 10 சதவீதம் சேர்த்து, அதாவது 110 சதவீதத்துக்கு, ஒப்பந்தத்தில் உள்ள நாணயத்திலேயே காப்பீடு எடுக்க வேண்டும் என்பது மட்டும் பொதுவானது. மற்ற ஒன்பது விதிகளில் ஒரு தரப்பு மற்றவருக்காகக் காப்பீடு எடுக்க வேண்டிய கடமையே கிடையாது.

கன்டெய்னர் என்றதும், விற்பவர் சரக்கைக் கப்பலேற்றித் தர வேண்டிய எஃப்ஓபியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பதினொரு விதிகளில் எஃப்ஏஎஸ் (கப்பலருகே ஒப்படைப்பு), எஃப்ஓபி, சிஎஃப்ஆர், சிஐஎஃப் ஆகிய நான்கும் கடல் மற்றும் உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக்கு மட்டுமானவை என்று நூல் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது. சரக்கைக் கப்பலின் மீது ஏற்றும் கணம் விற்பவரின் கையில் இருக்கும் வணிகத்துக்காக உருவானவை இவை. 2000 பதிப்பு வரை எஃப்ஓபியில் பொறுப்பு மாறும் இடம் கப்பலின் பக்கவாட்டுக் கைப்பிடிச் சுவரைச் சரக்கு கடக்கும் கோடாக இருந்தது. கிரேனில் தொங்கும் மூட்டை எந்தப் பக்கம் விழுந்தது என்று வாதிட வேண்டிய அந்தக் கேலிக்கூத்தை 2010 பதிப்பு நீக்கி, கப்பலின் மீது வைக்கப்பட்டதும் பொறுப்பு மாறும் என்று ஆக்கியது.

ஆனால் கன்டெய்னர் சரக்கில் விற்பவர் கப்பலைக் கண்ணால் பார்ப்பதே இல்லை. தன் கிடங்கில் பெட்டியை நிரப்பி, முத்திரையிட்டு, லாரியில் ஏற்றித் துறைமுகத்தின் கன்டெய்னர் முனையத்தில் ஒப்படைத்துவிட்டு வந்துவிடுகிறார். பெட்டி அங்கே சில நாள்கள் அடுக்கில் கிடக்கிறது. அந்த நாள்களில் பெட்டி கிரேனிலிருந்து விழுந்தாலோ பூட்டு உடைக்கப்பட்டாலோ இழப்பு யாருடையது? எஃப்ஓபி என்று எழுதியிருந்தால் விற்பவருடையது, ஏனெனில் பெட்டி இன்னும் கப்பலேறவில்லை. பெட்டியின் மீது அவருக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லாத காலத்துக்கு அவரே பொறுப்பு. காப்பீடு வாங்குபவரின் வேலை என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். வாங்குபவரின் காப்பீடோ சரக்கு கப்பலேறிய பிறகுதான் தொடங்கும்படி எடுக்கப்பட்டிருக்கலாம். நூலின் விளக்கக் குறிப்பு இத்தகைய சரக்குக்கு எஃப்ஓபி பொருந்தாது, வாங்குபவரின் போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைத்ததுமே பொறுப்பு மாறும் எஃப்சிஏவை எண்ணிப் பாருங்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. சுவரில் ஒட்டிய அட்டவணையில் இந்த ஒரு வாக்கியம் இருந்திருந்தால் எத்தனையோ தகராறுகள் தவிர்ந்திருக்கும்.

அப்படியானால் எல்லோரும் ஏன் எஃப்சிஏவுக்கு மாறவில்லை? பணம் வரும் வழி குறுக்கே நிற்கிறது. எல்சி (உரிய ஆவணங்களைக் காட்டினால் பணம் தருவதாக வங்கி தரும் உறுதிக் கடிதம்) மூலம் பணம் பெறும் விற்பவரிடம் வங்கி பெரும்பாலும் சரக்கு கப்பலேறியது என்று குறிப்பிடும் பில் ஆஃப் லேடிங்கை, அதாவது கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ஆவணத்தை, கேட்கிறது. எஃப்சிஏவிலோ விற்பவர் உள்நாட்டிலேயே போக்குவரத்து நிறுவனத்திடம் சரக்கை ஒப்படைத்துக் கடமையை முடித்துவிடுகிறார். கப்பல் ஒப்பந்தம் வாங்குபவருடையது, ஆகவே கப்பலேறிய ஆவணத்தைக் கேட்கும் உரிமை விற்பவரிடம் இல்லை. இந்தச் சிக்கலுக்கு 2020 பதிப்பு ஏ6, பி6 பிரிவுகளில் ஒரு வழி செய்திருக்கிறது: இரு தரப்பும் ஒத்துக்கொண்டால், அத்தகைய பில்லை விற்பவருக்குத் தரும்படி வாங்குபவர் தன் செலவில் கப்பல் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும்; விற்பவர் அதை வங்கிகள் வழியே வாங்குபவருக்கு அனுப்ப வேண்டும்.

இந்தப் புதிய ஏற்பாட்டைப் பாராட்டி எழுதியவர்கள் பலர். எனக்கு அது அரைக்கிணறு தாண்டிய கதையாகவே தெரிகிறது. கப்பல் நிறுவனம் இந்த விற்பனை ஒப்பந்தத்தில் தரப்பினர் அல்ல. வாங்குபவர் சொன்னார் என்பதற்காக அது கட்டுப்பட வேண்டிய அவசியமில்லை. மேலும், உள்நாட்டில் ஒப்படைத்த தேதியும் கப்பலேறிய தேதியும் வேறுவேறாக இருக்கும். எல்சியில் குறித்த கடைசித் தேதி இடையில் விழுந்துவிட்டால், கடமையைச் சரியாக முடித்த விற்பவருக்கே பணம் சிக்கிக்கொள்ளும். கப்பலேறிய ஆவணம் கேட்காமல், சரக்கைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லும் ஆவணத்தையே எல்சியில் ஏற்கச் சொல்லி வாங்குபவரிடம் முன்கூட்டியே பேசி முடிப்பதுதான் நேர்வழி. அதை நூல் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

ஏற்றுவதும் இறக்குவதும் யார் வேலை என்பது அட்டவணைகள் குழப்பும் மற்றோர் இடம், நூலோ இதில் மிகத் துல்லியமானது. எக்ஸ் ஒர்க்ஸ் விதியில் விற்பவர் தன் இடத்தில் சரக்கைத் தயாராக வைத்தால் போதும். வாங்குபவரின் வண்டியில் ஏற்றுவதுகூட அவர் கடமை அல்ல. எஃப்சிஏ விதியில் விற்பவரின் இடத்திலேயே ஒப்படைப்பு என்றால் ஏற்றித் தர வேண்டும். வேறோர் இடம் என்றால் தன் வண்டியில் கொண்டுபோய், இறக்காமல், இறக்கத் தயாரான நிலையில் விட்டால் போதும். டிஏபியிலும் டிடிபியிலும் சரக்கு சேருமிடம் வரை போகும், ஆனால் வண்டியிலிருந்து இறக்குவது வாங்குபவரின் பாடு. விற்பவர் இறக்கியும் தர வேண்டிய ஒரே விதி டிபியு. முந்தைய பதிப்பில் டிஏடி என்ற பெயரில் முனையம் வரை என்றிருந்த விதியே இது. சேருமிடம் எதுவாகவும் இருக்கலாம் என்று விரித்துப் பெயரையும் மாற்றியிருக்கிறார்கள். கனமான இயந்திரத்தை அனுப்பும்போது கிரேன் வாடகை யார் தலையில் என்பதை இந்தச் சில எழுத்துகள்தான் முடிவுசெய்கின்றன.

இரு முனைகளிலும் நிற்கும் எக்ஸ் ஒர்க்ஸும் டிடிபியும் நூலின் மிகப் பலவீனமான விதிகள். எக்ஸ் ஒர்க்ஸில் ஏற்றுமதிச் சுங்க நடைமுறையை வாங்குபவரே முடிக்க வேண்டும். அயல்நாட்டில் இருக்கும் ஒருவர் விற்பவரின் நாட்டில் ஏற்றுமதியாளராகப் பதிவுசெய்து ஆவணம் தாக்கல் செய்வது பல இடங்களில் நடக்கிற காரியம் அல்ல. டிடிபியில் இதே சிக்கல் தலைகீழாக வருகிறது: இறக்குமதி வரியையும் அதனுடன் வரும் மற்ற வரிகளையும் விற்பவர் கட்ட வேண்டும், தனக்குப் பதிவே இல்லாத நாட்டில். முன்னதற்கு எஃப்சிஏவும் பின்னதற்கு டிஏபியும் மாற்றாக இருப்பதை விளக்கக் குறிப்புகள் நினைவூட்டுகின்றன. விலைப்புள்ளி கேட்கும் வாங்குபவருக்கு எல்லாம் அடங்கிய ஒரே எண் வேண்டும் என்ற ஆசை இருக்கும்வரை டிடிபி போகாது என்று தோன்றுகிறது.

நூல் எதைப் பேசவில்லை என்பதையும் வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும். சரக்கின் உடைமை எப்போது மாறுகிறது, பணம் எப்போது எப்படிக் கொடுக்கப்பட வேண்டும், ஒப்பந்தம் மீறப்பட்டால் என்ன பரிகாரம், தடை விதிக்கப்பட்ட நாடு என்றால் என்ன செய்வது, தகராறை எந்த மன்றம் தீர்க்கும் ஆகிய எவற்றுக்கும் இங்கே பதில் இல்லை, முன்னுரையே அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. எஃப்ஓபி என்று எழுதியதாலேயே உடைமையும் கப்பலில் மாறிவிட்டது என்று வாதிடுபவர்கள் அந்த முன்னுரையை ஒருமுறை படிக்கலாம். அமெரிக்க உள்நாட்டு வணிகத்தில் எஃப்ஓபி என்ற அதே எழுத்துகள் லாரிச் சரக்குக்கும் புறப்படுமிடம், சேருமிடம் என்ற இரு பொருளிலும் வழங்குகின்றன. எனவே அமெரிக்க நிறுவனத்துடன் எழுதும்போது 'இன்கோடெர்ம்ஸ் 2020' என்ற பின்னொட்டு இன்றியமையாதது.

மொழிநடை சட்ட நடைதான். ஒவ்வொரு விதியும் தனித்தே படிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதற்காக ஒரே வாக்கியங்கள் பதினொரு முறை திரும்ப வருகின்றன. தொடர்ச்சியாகப் படிக்க உட்கார்ந்தால் சலிப்புத் தட்டும். விதிகளின் தொடக்கத்தில் உள்ள விளக்கக் குறிப்புகளும் படங்களும் மட்டும் எளிமையாக இருக்கின்றன. புதியவர்கள் அவற்றை முதலில் படித்துவிட்டு, தாம் பயன்படுத்தும் இரண்டு அல்லது மூன்று விதிகளின் ஏ2, ஏ3, ஏ9 பிரிவுகளுக்கு நேரே போவது நல்லது. இரண்டு ஊர்ப் பெயர்களை எழுதும் பழக்கத்தையும் அங்கேயே கற்றுக்கொள்ளலாம்: சிபிடி, சிஐபி விதிகளில் சேருமிடத்தை மட்டும் எழுதினால், சரக்கு முதல் போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்ட இடத்திலேயே பொறுப்பு மாறிவிடும், அது பெரும்பாலும் வாங்குபவர் கேள்விப்பட்டிராத ஓர் உள்நாட்டுக் கிடங்காக இருக்கும். ஒப்படைப்பு இடத்தையும் சேர்த்து எழுதச் சொல்லி நூல் வற்புறுத்துவது இதனால்தான்.

அன்றாடம் கப்பல் நிறுவனங்களின் பில்லில் வரும் சொற்கள் பலவற்றுக்கு இந்த நூலில் தனி விளக்கம் கிடையாது. 2016 ஜூலை 1 முதல் கடல் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் சரிபார்த்த மொத்த எடையைக் கப்பலேறுமுன் அறிவிக்க வேண்டும். அந்த எடையிடும் செலவைப் பெயர் சொல்லி எந்த விதியும் பிரித்துத் தரவில்லை. முனையக் கையாள்கைக் கட்டணமும் அப்படித்தான். சிஐஎஃப் விலையில் சரக்கு வாங்கியவரிடம் சேருமிடத் துறைமுகத்தில் அந்தக் கட்டணம் தனியே கேட்கப்படும்போது, கப்பல் ஒப்பந்தத்தில் இறக்குகூலி ஏற்கெனவே அடங்கியிருக்கிறதா என்று பார்த்தால்தான் விடை தெரியும். அடங்கியிருந்தால் விற்பவர் அதைத் திரும்பக் கேட்க முடியாது, அடங்காவிட்டால் வாங்குபவர்தான் கட்ட வேண்டும். கப்பல் நிறுவனம் தரும் இலவச நாள்கள் முடிந்தபின் பெட்டி முனையத்துக்குள் கிடந்தால் டெமரேஜ் என்ற கட்டணம், வெளியே எடுத்த பெட்டியைக் காலியாகத் திருப்பித் தரத் தாமதித்தால் டிடென்ஷன் என்ற கட்டணம்; சுங்கத்தில் ஓர் ஆவணம் குறைந்ததால் இவை ஏறும்போது, ஆவணத்தை அனுப்பத் தவறியவர் யார் என்று ஏ7, ஏ9 பிரிவுகளைக் காட்டி வாதாடலாமே தவிர, நாள் கணக்குக்கும் தொகைக்கும் நூலில் வழி இல்லை. எத்தனை இலவச நாள்கள், அதற்குமேல் யார் பொறுப்பு என்று விற்பனை ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. அந்த வரியை எழுத இடம், 'சிஐஎஃப்' என்ற சொல்லுக்கு நேர் கீழேயே இருக்கிறது.